பூனைப்பெயர்ச்சி: கடல்கடக்கும் மார்ச்சாலம் பற்றி ஒரு முன்னாய்வு

கடல் கடந்து பொருள் தேடப் போகிறவன் பெண்ணை உடன் அழைத்துப் போகும் வழக்கமில்லை என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் ஒரே வரியில் முடித்துவிட்டார். அது விதியா, அன்றைய நடப்பைக் குறித்துவைத்ததா, எந்தப் பிரிவுக்குப் பொருந்தும் என்று உரைகாரர்கள் தொடங்கி இன்றைய முனைவர் பட்ட மாணவர்கள் வரை வாதாடியாயிற்று. பூனையை அழைத்துப் போகலாமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய ஓட்டை இத்தனை நூற்றாண்டாக அடைபடாமல் கிடப்பது தமிழாய்வுக்கு அழகல்ல. விலக்காததெல்லாம் அனுமதித்ததே என்று கொண்டால், தொல்காப்பியர் பூனைக்கு என்ஓசி கொடுத்துவிட்டார். ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்குமா என்பதே எஞ்சியிருக்கும் சிக்கல்.

பத்திரிகைகளும் இதில் பொறுப்பாக நடந்துகொள்ளவில்லை. குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி, ராகு கேதுப் பெயர்ச்சி என்றால் பன்னிரண்டு ராசிக்கும் பலன் எழுதி இலவச இணைப்புப் போடுகிறார்கள். சனியாவது இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை தானாகவே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். யாரும் கூடையில் வைத்துத் தூக்க வேண்டியதில்லை. பூனை அப்படிப் போகாது. அதைப் பெயர்ப்பதற்கு மனிதர்கள் ஆறேழு மாதம் அலைய வேண்டும். உண்மையில் பரிகாரம் தேவைப்படுவது இந்தப் பெயர்ச்சிக்குத்தான்.

எல்லையும் கருதுகோளும்

இவ்வாய்வு பூனையோடு நிற்கிறது. நாய் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வரும் என்பதால் அதில் ஆராய ஒன்றுமில்லை. களம், மடிப்பாக்கத்தில் ஒரு குடும்பம். மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் மென்பொருள் வேலை கிடைத்து, மனைவி, மூன்றாம் வகுப்பு மகள், தங்கம் என்ற பூனை ஆகியோருடன் கிளம்பினார். பாட்டி கிளம்பவில்லை. ஏன் கிளம்பவில்லை என்பது பின்னால் வரும். இக்குடும்பம் கட்டுரையாளருக்கு நெருங்கிய உறவு என்பதால் தரவுகள் காப்பி பலகாரத்துடன் சேகரிக்கப்பட்டன.

கருதுகோள் இது: பூனைக்கு நாடு கிடையாது, வீடுதான் உண்டு. ஆகவே பூனை புலம்பெயர்வதே இல்லை. புலம்பெயர்கிறவை அதன் காகிதங்களும், அவற்றைச் சுமந்து போகும் மனிதர்களும்தான். ஊர்ப்பக்கம் திருட்டுப் பூனையைக் கோணிச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விடுவார்கள். விட்டவர் வழியில் டீ குடித்துவிட்டு வீடு திரும்பினால் அடுப்பங்கரையில் அது படுத்திருக்கும். ஆற்றை மதிக்காத பிராணி கடலை மட்டும் மதிக்கும் என்று கருத முகாந்திரம் இல்லை.

பூனைக்கும் கடலுக்கும் உள்ள உறவு குறித்துக் கம்பனிடம் ஒரு குறிப்பு கிடைக்கிறது. பாற்கடலை முழுக்க நக்கித் தீர்த்துவிடப் புகுந்த பூனையோடு தன்னை ஒப்பிட்டு அவையடக்கம் பாடியிருக்கிறான். உரையாசிரியர்கள் இதில் கவிஞனின் பணிவைக் கண்டார்கள். இவ்வாய்வாளர் காண்பது வேறு. அவ்வளவு பெரிய கடலின் கரையில் நின்றும் அந்தப் பூனைக்கு அதைக் கடக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. குடித்துத் தீர்க்க வேண்டும் என்றுதான் தோன்றியது. பூனையின் வெளியுறவுக் கொள்கை முழுவதும் இதில் அடக்கம்.

முன்னோடிகள்

கிடைத்திருக்கும் பழைய வழக்கு சைப்ரஸ் தீவினுடையது. சில்லூரோகம்போஸ் என்ற இடத்தில் சுமார் 9,500 ஆண்டுக்கு முந்தைய புதைகுழியில் ஒரு மனித எலும்புக்கூடும், அதிலிருந்து 40 செ.மீ. தள்ளி ஏறக்குறைய எட்டு மாத வயதுப் பூனையின் எலும்புக்கூடும் இருந்ததை 2004இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சைப்ரஸில் இயற்கையாகப் பூனையினம் கிடையாது. ஆக, யாரோ ஒருவர் படகில் ஏற்றிக் கடலைத் தாண்டி அதைக் கொண்டுவந்திருக்கிறார். எகிப்தியர்கள் பூனையைக் கும்பிடத் தொடங்குவதற்குப் பல ஆயிரம் ஆண்டு முன்பே வீடு மாற்றும்போது பூனையை விட்டுவர மனமில்லாத ஒருவர் இருந்திருக்கிறார். குழியில் தடுப்பூசி அட்டை கிடைக்கவில்லை. மக்கியிருக்கலாம்.

அடுத்தவர் டிரிம். ஆஸ்திரேலியாவைச் சுற்றிக் கப்பலோட்டி வரைபடம் போட்ட மேத்யூ ஃபிளிண்டர்ஸின் பூனை. 1799இல் ரிலையன்ஸ் என்ற கப்பலில், இந்தியப் பெருங்கடலின் நடுவில் பிறந்தது. விண்ணப்பத்தில் ‘பிறந்த ஊர்’ என்ற கட்டத்தில் இதற்கு என்ன எழுதுவது என்று யோசித்துப் பாருங்கள். ஃபிளிண்டர்ஸை மொரீஷியஸில் பிரெஞ்சுக்காரர்கள் சிறை வைத்திருந்த காலத்தில் டிரிம் காணாமல் போயிற்று. அவர் சிறையிலேயே உட்கார்ந்து அதன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். இன்று சிட்னியில் மிட்செல் நூலகத்து ஜன்னல் விளிம்பில் டிரிம்முக்கு வெண்கலச் சிலை உண்டு.

மூன்றாமவர் சைமன். இந்த வழக்கில்தான் அரசு முதன்முறையாகத் தன் முகத்தைக் காட்டுகிறது. ஹாங்காங் துறைமுகத்தில் ஒரு மாலுமி சட்டைக்குள் ஒளித்துக் கப்பலேற்றிய கறுப்பு வெள்ளைப் பூனை அது. 1949இல் யாங்சி ஆற்றில் அமெதிஸ்ட் போர்க்கப்பல் குண்டடி பட்டபோது சைமனும் காயப்பட்டது. காயத்தோடு எலி பிடித்துக் கப்பலின் உணவுக்கிடங்கைக் காத்தது. போரில் பணிபுரிந்த விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் இன்றுவரை ஒரேயொரு பூனைக்குத்தான் கிடைத்திருக்கிறது, அது சைமன். நவம்பரில் கப்பல் இங்கிலாந்து திரும்பியதும் மாலுமிகளுக்கு மாலை மரியாதை, சைமனுக்கு வெறிநோய்த் தடுப்புச் சட்டப்படி ஆறு மாதத் தனிமை. அங்கேயே, அந்த மாதமே இறந்துபோனது. பதக்கம் பின்னால்தான் வந்தது. வீரம் வேறு, காகிதம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிரிட்டன் அந்த ஆறு மாத முறையைத் தளர்த்த 2000 பிப்ரவரி வரை ஆயிற்று.

சிங்கப்பூர் வழக்கு தனிப் புத்தகத்துக்கு உரியது. 1975இல் ஒரு அமெரிக்கத் தம்பதி சிங்கப்பூரிலிருந்து மூன்று பழுப்புப் பூனைகளோடு ஊர் திரும்பி, இது அந்தத் தீவின் தெருவில் தானாக உருவான இனம் என்று சொல்லி ‘சிங்கபுரா’ என்று பெயர் வைத்துப் பதிவு செய்தார்கள். 1987இல் இன்னொரு அமெரிக்கர் சிங்கப்பூருக்குப் போய்க் கோப்பைப் புரட்டினார். அதே பூனைகள் 1974இல் அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு இறக்குமதியான ரசீது அதில் இருந்தது! அவற்றின் தாத்தா பாட்டிகள் அதற்கும் முன்பே சிங்கப்பூரிலிருந்து போனவை என்று தம்பதி விளக்கம் கொடுத்தார்கள், பூனை இனங்களைப் பதிவுசெய்யும் சங்கமும் ஏற்றுக்கொண்டது. சுற்றுலா வாரியம் இதே பூனையை ‘குச்சிந்தா’ என்ற பெயரில் நகரத்தின் சின்னமாக்கியது. அதே நகரத்தின் வீடமைப்பு வாரிய அடுக்குமாடிகளில், அதாவது பெரும்பாலான மக்கள் குடியிருக்கும் இடத்தில், பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல்தான் வீட்டுக்கு இரண்டு பூனை என்று அனுமதித்தார்கள். சின்னமாக இருக்கலாம், குடியிருக்கக் கூடாது. இப்படி ஒரு நிலைமை பூனைக்கு மட்டும் வருவதில்லை என்பதால் இதற்குமேல் இங்கே விரிக்கவில்லை.

மணி கட்டிய படலம்

பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. கால்நடை மருத்துவர் கட்டுகிறார். கழுத்துக்கு வெளியே இல்லை, உள்ளே. அரிசி மணி அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி, அதற்குள் மைக்ரோசிப். தடித்த ஊசியால் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் இறக்குகிறார்கள். அதில் மின்கலம் இல்லை. 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு கருவியை அருகே காட்டினால், அந்த அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். பூனை வளர்த்தவர்களுக்கு இந்த நடத்தை புதிதல்ல.

எதிர்வீட்டுக்காரர் ஆர்வமாகக் கேட்டார்: “அப்போ தங்கம் எங்க சுத்துதுன்னு ஃபோன்லயே பாத்துக்கலாமா சார்?” முடியாது. பூனை கையில் இருந்தால்தான் அது எந்தப் பூனை என்று சிப் சொல்லும். பூனை கையில் இல்லாதபோது அதற்கும் நமக்கும் தெரிந்தது ஒரே அளவுதான்.

இந்த 15 இலக்கம் ஆய்வுக்குரியது. பாட்டியின் ஆதார் எண்ணில் 12 இலக்கம். மடிப்பாக்கம் மீன்கடைக்குப் பின்னால் பிறந்த தங்கத்துக்கு மூன்று இலக்கம் கூடுதல். சான்றிதழில் ‘இனம்’ என்ற கட்டத்திலும் ஒரு பதவி உயர்வு உண்டு. தெருப்பூனை என்று யாரும் எழுதுவதில்லை. ‘டொமெஸ்டிக் ஷார்ட் ஹேர்’ என்று எழுதுகிறார்கள். குடும்பத்தில் இப்படி ஒரு பட்டம் அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

ரத்தச் சான்று

சிப் போட்ட பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. இந்த வரிசை மாறக் கூடாது. முன்பு போட்ட ஊசி எத்தனை இருந்தாலும், சிப் இல்லாத பூனைக்குப் போட்டது வேறு எந்தப் பூனைக்கோ போட்டதாகவே கருதப்படும். தர்க்கப்படி சரிதான். தத்துவப்படி, எண் இல்லாத காலத்தில் தங்கம் இருந்ததா என்ற கேள்வியை இது எழுப்புகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விடை: இல்லை.

ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகு எதிர்ப்புச் சக்தி இருந்தால் தேர்ச்சி. தேர்ச்சி பெற்ற பிறகும் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. வெறிநோய்க் கிருமி உடம்புக்குள் நுழைந்து நோயாக வெளிப்பட வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகும். வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது மிக அரிது. ஊசிக்கு முன்பே கடிபட்டிருந்தால் இந்தக் காத்திருப்பில் தெரிந்துவிடும். நம் ஊரில் வெறிநோய் இன்னும் ஒழியவில்லை என்பதால் இந்தக் காத்திருப்பு நமக்கு உண்டு. ஜப்பான் 180 நாள் காக்கவைக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராகப் போகவே முடியாது. அவர்கள் ஏற்றுக்கொண்ட இன்னொரு நாட்டுக்கு முதலில் போய், அங்கிருந்து போய், மெல்போர்ன் அருகே மிக்கிள்ஹாமில் குறைந்தது பத்து நாள் அரசு விருந்தாளியாகத் தங்க வேண்டும். தீவுக்காரர்களுக்கு எப்போதும் பயம் அதிகம்.

“பூனைக்கு ரத்தப் பரிசோதனையா?” என்று பாட்டி கேட்டார். “எனக்கு சுகர் பாத்து ஆறு மாசமாச்சு மாப்பிள்ளை.” மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றில் பாட்டிக்கும் பரிசோதனை நடந்தது. பூனைப்பெயர்ச்சியால் வீட்டுப் பெரியவர்களுக்கு விளைந்த நற்பலனாக இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பாட்டி விஷயத்துக்கு வருவோம். பாட்டி போவதென்றால் ஷெங்கன் விசா. பத்து விரல் ரேகை, வங்கிக் கணக்கு விவரம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, திரும்பி வந்துவிடுவேன் என்று நம்பவைக்க நிலப் பத்திரம். எல்லாம் கொடுத்தாலும் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். தங்கத்துக்கு ரேகை இல்லை, நேர்காணல் இல்லை, ஜெர்மன் மொழித் தேர்வு இல்லை. ஒருமுறை உள்ளே போய்விட்டால் தங்கும் காலத்துக்கு வரம்பும் இல்லை. அந்த ரத்தச் சான்றுக்குக்கூட, இடைவிடாமல் தடுப்பூசி போட்டுவந்தால், வாழ்நாள் முழுக்கச் செல்லுபடி. இரண்டு வருஷத்தில் காலாவதியாகும் ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண்ணை வைத்திருப்பவர்கள் இந்த வாக்கியத்தை மறுபடி படிக்க வேண்டாம். பேத்தியை வளர்த்தவருக்கு 90 நாள், பேத்தி வளர்த்ததற்கு ஆயுள் முழுக்க. இதை எழுதிய அதிகாரிகள் கெட்டவர்கள் அல்லர். பூனை வேலை கேட்காது, ஓய்வூதியம் கேட்காது, தேர்தலில் ஓட்டுக் கேட்காது என்று அவர்களுக்குத் தெரியும். பாட்டியும் கேட்கமாட்டார். அதற்கு ரத்தப் பரிசோதனை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கடைசிக் காகிதம் உடல்நலச் சான்றிதழ். சென்னையில் அதற்கான மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே பேர்பெற்ற பறவைச் சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் பூனைக்குப் பயண அனுமதி. பூநாரையும் நீர்க்கோழியும் அருகில் மேய, அதைக் காணாமலே கூடைக்குள் படுத்து வரும் பூனைக்குத்தான் உண்மையில் தவச் சான்றிதழ் தர வேண்டும். கையெழுத்தானதிலிருந்து பத்து நாளுக்குள் ஐரோப்பாவில் நுழைந்துவிட வேண்டும். கூடவே உரிமையாளர் ஓர் உறுதிமொழி தர வேண்டும்: இந்தப் பிராணியை விற்கவோ உரிமை மாற்றவோ கொண்டுபோகவில்லை. மாப்பிள்ளை ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டபோது தங்கம் அந்தத் தாளின்மேலேயே உட்கார்ந்திருந்தது. யார் யாருக்கு உரிமையாளர் என்ற விவாதத்தில் இவ்வாய்வாளர் நடுநிலை வகிக்கிறார்.

பெட்டி பற்றிய கோட்பாடு

பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் பூனைப் பெட்டிக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை ஓர் அளவு, தரையிலிருந்து முழங்கை மூட்டுவரை ஓர் அளவு, தோள்பட்டை அகலம், நின்றால் காது நுனிவரை உயரம். முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். தோளகலத்தை இரட்டித்தால் பெட்டியின் அகலம். உயரத்தோடு படுக்கையின் கனத்தைச் சேர்த்தால் பெட்டியின் உயரம். உள்ளே பூனை இயல்பாக நிற்க, திரும்ப, படுக்க முடிய வேண்டும். நல்ல சூத்திரம். பூனை திடப்பொருள் என்று வைத்துக்கொண்டால்.

இங்கேதான் துறைகளுக்கிடையே முரண்பாடு. மார்க் அந்துவான் ஃபார்தான் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் பூனை திடமா திரவமா என்று ஓட்டவியல் முறைப்படி ஆராய்ந்து 2014இல் கட்டுரை எழுதினார். அதற்கு 2017இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். எந்தப் பாத்திரத்தில் விட்டாலும் போதிய நேரம் கொடுத்தால் அதன் வடிவத்தை எடுத்துக்கொள்வது திரவம் என்றால், பூனை திரவமே. மடிப்பாக்கக் கள ஆய்வு இதைச் சற்றுத் திருத்துகிறது. அமேசான் அட்டைப்பெட்டியைக் கண்டால் தங்கம் திரவம். விதிப்படி வாங்கிய பயணப் பெட்டிக்குள் விடும்போது நான்கு காலும் நான்கு மூலையில் ஊன்றிய திடம். கால்நடை மருத்துவமனை என்ற சொல் காதில் விழுந்தால் வாயு. கட்டிலடியில், பீரோவுக்குப் பின்னால், எங்கும் பரவி எங்கும் அகப்படாது.

அளவெடுக்கப் பாட்டியின் தையல் டேப் எடுக்கப்பட்டது. பாட்டி ஒரு முனையை மூக்கருகே பிடிக்க, பேத்தி மறுமுனையை வாலடிக்கு இழுக்க, நடுவில் தொங்கிய பகுதியைத் தங்கம் பாம்பென்று தீர்மானித்து மல்லாந்து நாலு காலாலும் பற்றிக்கொண்டது. அந்த நிலையில் கிடைத்த அளவு 31 செ.மீ. பாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஜாக்கெட் துணிக்கே இவ்ளோ கஷ்டப்பட்டதில்லடி” என்றார். பிறகு அது தூங்கும்போது, நீட்டிப் படுத்த நேரம் பார்த்து எடுத்ததில் 46 வந்தது. வாதியும் பிரதிவாதியும் ஒப்புக்கொண்ட அளவு அதுவே.

சரக்கறையில் அனுப்புவதானால் கணக்கு இன்னும் சுவையானது. விமானச் சரக்கில் எடையையும் பார்ப்பார்கள், அடைத்துக்கொள்ளும் இடத்தையும் பார்ப்பார்கள். எது அதிகமோ அதற்குக் காசு. நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் இடத்துக்குரிய கிலோ. 60க்கு 40க்கு 40 பெட்டி என்றால் 16 கிலோ. நாலு கிலோ பூனை சரக்கேறும்போது 16 கிலோ ஆகிறது. பெட்டியின் சொந்த எடை போக, மீதி முழுக்கக் காற்றுக்குக் கொடுக்கும் காசு. பிரிட்டனுக்கு விமானத்தில் போகும் பூனைகளுக்கு இந்த வழி ஒன்றுதான். ஜெர்மனிக்குச் சில நிறுவனங்கள் பையோடு சேர்த்து 8 கிலோவரை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ள விடுகின்றன. எமிரேட்ஸ் பயணிகள் அறைக்குள் பூனையை ஏற்றாது; ஆனால் துபாய்க்கும் பாகிஸ்தானின் சில ஊர்களுக்கும் இடையே வல்லூறை ஏற்றும். பறவையைத் தின்னும் பறவை சீட்டில், பறவையைத் தின்னும் பூனை கீழே.

தங்கம் இருக்கைக்கு அடியில் போவதென்று முடிவாயிற்று. மயக்க மருந்து கொடுப்பதை மருத்துவர் தடுத்துவிட்டார். வானத்தில் ரத்த அழுத்தமும் மூச்சும் தாறுமாறாகும், மயங்கிய பிராணியை விமானத்தில் ஏற்றவும் மாட்டார்கள் என்றார். பதிலாகப் பைக்குள் பழகிய வாசனை வேண்டும், துவைக்காத துணியாகப் பாருங்கள் என்றார். பாட்டியின் பழைய சுங்குடிப் புடவை, தங்கம் தினமும் படுக்கும் புடவை, நாலாக மடித்து விரிக்கப்பட்டது.

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பை மட்டும் எக்ஸ்ரே கருவிக்குள் போகும். பூனையை வெளியே எடுத்துக் கையில் ஏந்திக்கொண்டு உலோகம் கண்டறியும் வாசலுக்குள் நடக்க வேண்டும். அங்கே குழந்தை, “அம்மா, தங்கத்த எடுத்துடாத, பைக்குள்ளயே இருக்கட்டும்” என்று கத்திவிட்டது. சென்னை விமான நிலையத்தில் சொல்லக் கூடாத வாக்கியங்களில் இது முதல் மூன்றுக்குள் வரும். காவலர் இருவர் திரும்பினார்கள். பையின் ஜிப்பைத் திறந்ததும் தங்கம் பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்கால் இரண்டையும் தலைக்குமேல் தூக்கியது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் இதே நிலையில் ஒரு பூனை நிற்கிறது, காலடியில் எலிகள். அதைத் தவக்கோலம் என்று கலை வரலாற்றாசிரியர்கள் எழுதிவருகிறார்கள். அது சோதனைக்கு ஒத்துழைக்கும் பயணி என்ற மாற்று விளக்கத்தை இவ்வாய்வு பணிவுடன் முன்வைக்கிறது.

அக்கரைப் பலன்கள்

ஃபிராங்க்பர்ட்டில் சிவப்பு வழியில் போய்க் காகிதத்தைக் காட்ட வேண்டும். சிப்பைப் படிக்கும் கருவியைக் கழுத்தருகே காட்டினார்கள், எண் ஒத்துப்போயிற்று, முடிந்தது. அத்தனை மாத அலைச்சலுக்கு இவ்வளவுதானா என்று மாப்பிள்ளைக்கு ஏமாற்றமாகவே இருந்ததாம்.

உணவு விஷயத்தில் ஒரு விதியைக் குறிப்பிடாமல் போக முடியாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை. பாட்டி உருக்கிக் கொடுத்த நெய் அதனால் நின்றுவிட்டது. மீன் மட்டும் சொந்த உபயோகத்துக்கு 20 கிலோவரை போகலாம். நெய்க்குத் தடை, நெத்திலிக் கருவாட்டுக்கு அனுமதி. இந்தச் சட்டத்தை வரைந்த குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

வாடகை வீடு சென்னையைவிடச் சுலபம். இங்கே ஹவுஸ் ஓனர் “நீங்க சைவம்தானே?” என்று கேட்கும்போது தங்கத்தின் சார்பில் யாரும் வாய் திறப்பதில்லை. ஜெர்மனியிலோ, நாயும் பூனையும் கூடவே கூடாது என்று ஒட்டுமொத்தமாக அச்சடித்த வாடகை ஒப்பந்த நிபந்தனை செல்லாது என்று 2013இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதை நம்பி முழுக்க மகிழ்ந்துவிடவும் கூடாது. நம் பிள்ளைகள் நிறையப் பேர் வேலைக்குப் போகும் வால்டார்ஃப் என்ற சிற்றூரில், எஸ்ஏபி தலைமையகம் இருக்கும் அதே ஊரில், கொண்டை வானம்பாடியைக் காப்பாற்ற 2022 முதல் கோடைக்காலப் பூனை ஊரடங்கு போட்டார்கள். குஞ்சு பொரிக்கும் மாதங்களில் ஊரின் தென்பகுதியில் பூனை வெளியே வரக் கூடாது என்பது அன்றைய உத்தரவு. வந்தால் கயிற்றோடு வர வேண்டும். மீறினால் 500 யூரோ. வானம்பாடிக்கு ஏதாவது ஆகிவிட்டால் 50,000 யூரோ வரை. மென்பொருளில் எவ்வளவு சம்பாதித்தாலும் ஒரு வானம்பாடிக்குப் போதாது.

நேர வித்தியாசம் தங்கத்தைப் பாதித்ததா என்றால், இல்லை; மற்றவர்களைப் பாதித்தது. மடிப்பாக்கத்தில் காலை ஐந்துக்கு எழுப்பிப் பால் கேட்ட பூனை அங்கே கோடையில் நள்ளிரவு ஒன்றரைக்கு எழுப்பியது. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை சத்தம் போடக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அதை ஜெர்மன் மொழியில் பூனைக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு வீட்டில் யாரும் இன்னும் தேறவில்லை.

இப்போது கருதுகோளுக்கு வருவோம். புது வீட்டில் தங்கம் முதல் வாரம் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. சுங்குடிப் புடவை அங்கே போன பிறகு கட்டிலடி அதன் வீடாயிற்று, பிறகு அறை, பிறகு ஜன்னல். மடிப்பாக்கத்தில் இருந்ததும் இதே வரிசைதான், இதே பரப்பளவுதான். மாறியது மனிதர்களின் குளிர்ச்சட்டை, வரி எண், சமையல் எரிவாயு, தூக்கம். ஆகவே கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது: ஒரு பூனை இருந்த இடத்தில் இருக்கும்பொருட்டு மூன்று மனிதர்கள் கண்டம் விட்டுக் கண்டம் போயிருக்கிறார்கள். ஆய்வின் ஒரே குறை, பாட்டியின் தரப்பு இதில் போதிய அளவு பதிவாகவில்லை என்பது. கேட்டதற்கு, “வீடியோ கால்ல கூப்ட்டா என்னத் திரும்பிக்கூட பாக்கல, போனாப் போவுது” என்று மட்டும் சொன்னார்.

பூனையோடு ஐரோப்பா போக நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆவணியில் பயணம் என்றால் (ஆடியில் வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள்) தை மாதமே மைக்ரோசிப் போட்டுவிடுங்கள். சிப்புக்குப் பிறகு ஊசி, ஊசிக்கு முப்பது நாள் கழித்து ரத்தம், ரத்தத்துக்குப் பிறகு மூன்று மாதம். விமான டிக்கெட்டைக் கடைசியில் வாங்குங்கள், பயணப் பையை முதலிலேயே வாங்கிக் கூடத்தில் திறந்துவையுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும். புறப்படுமுன் பள்ளிக்கரணையில் ஒருமுறை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டியின் விசாவுக்கும் அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள்.